பிள்ளைப்பேறு, ஒபரேசனுக்குப் பிறகு சலம் ஒழுகுதா? வன்னிக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளை பெத்த பிறகோ, சீசருக்குப் பிறகோ, கர்ப்பப்பை எடுத்த பிறகோ ஒரு பொம்பிளைக்கு அவவுக்குத் தெரியாமலே ராப்பகலா சலம் ஒழுகிக்கொண்டு இருந்தா, அந்த வீட்டில இருக்கிற தாய், சகோதரி, புருசன், மாமி, ஆராவது ஒராள் இதை வாசிக்கவேணும் எண்டுதான் எழுதுறன். என்ர மச்சாளுக்கு இது வந்தது. எங்க போறது, ஆரைக் கேக்கிறது, என்ன கடதாசி வேணும், எவ்வளவு நாள் எடுக்கும் எண்டு வரிசையாச் சொல்லித்தர ஒருத்தரும் இல்லாம நாங்கள் அலைஞ்ச அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

முதல்ல ஒண்டு. இது ஒரு ஓட்டை. சலப்பைக்கும் பிள்ளை வாற வழிக்கும் நடுவில ஒரு துவாரம் விழுந்திருக்கு, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில ஃபிஸ்டியூலா எண்டு சொல்லுவினம். நோக்காடு கனநேரம் இழுபட்டு, பிள்ளையின்ர தலை இடுப்பெலும்போட அமத்திக்கொண்டே இருந்தா, இடையில இருக்கிற தசைக்கு ரத்தம் போகாம அது செத்து, சில நாளில கழண்டு விழும், பிறகு ஒழுகத் தொடங்கும். எங்கட இலங்கையில இப்ப கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலதான் பிறக்குது, அதால இந்த மாதிரி விழுற ஓட்டை குறைவு, வாறதில கனக்க ஒபரேசன் நேரம் சலப்பை காயப்பட்டு வாறது. குறைவா இருக்கிறதாலதான் கரைச்சலும். சனத்துக்கும் தெரியாது, சில இடத்தில வாட்டில நிக்கிற ஆக்களுக்கும் உடன யோசனை வராது, பொம்பிளையும் உலகத்தில தனக்கு மட்டும்தான் இப்பிடி எண்டு நினைச்சு வாயை மூடிக்கொண்டு இருந்திடுவா.

1. என்ன மாதிரி ஒழுகுது எண்டு வடிவாப் பாருங்கோ

பிள்ளை பெத்த கன பேருக்கு இருமேக்க, தும்மேக்க, சிரிக்கேக்க கொஞ்சம் சலம் போகும். அது வேற. அது இடுப்புத் தசை தளர்ந்ததால வாறது, பயிற்சி செய்தாலே பெரும்பாலும் குறையும். நான் சொல்லுற ஒழுக்கு இருமாமலே வரும், படுத்துக் கிடக்கேக்கையும் வரும், நித்திரையிலயும் துணி நனையும்.

அவவிட்ட மெல்லமா, தனிய இருக்கேக்க கேளுங்கோ: எப்ப தொடங்கினது? ராவில பாய் நனையுதா? பாத்ரூமுக்குப் போனா சலம் வழமைபோலப் போகுதா, இல்லாட்டி உள்ள ஒண்டும் மிஞ்சுறதே இல்லையா? பின்னுக்குப் போகவேண்டிய காத்தோ மலமோ முன்னால வருதா? இந்தக் கேள்விகள் எல்லாத்துக்கும் காரணம் இருக்கு. ராப்பகலா ஒழுகிக்கொண்டே வழமையான சலமும் போகுது எண்டா, ஓட்டை சின்னனா இருக்கலாம், இல்லாட்டி சிறுநீரகத்தில இருந்து வாற குழாயில காயம் இருக்கலாம், அதுக்கு செய்யிற ஒபரேசனே வேற. முன்னால மலம் வருது எண்டா மலக்குடல் பக்கத்திலயும் ஓட்டை. பதிலுகளை ஒரு கொப்பித்தாளில திகதியோட எழுதி வையுங்கோ. டொக்டருக்கு முன்னால போய் இருந்தா அவவுக்கு வெக்கத்தில வாய் வராது, அந்தத் தாள்தான் கதைக்கும்.

எங்களுக்கு ஒரு இடத்தில, பிள்ளை பெத்தா இப்பிடித்தான், பயிற்சி செய்யுங்கோ எண்டு திருப்பி அனுப்பினவை. உங்களுக்கும் அப்பிடிச் சொன்னா, "படுத்திருக்கேக்கையும் நித்திரையிலயும் ஒழுகுது, ஓட்டை இருக்கோ எண்டு செக் பண்ணிப் பாருங்கோ" எண்டு இதே சொல்லில சொல்லுங்கோ. சண்டை பிடிக்கத் தேவையில்லை, ஆனா இந்த வசனத்தைச் சொல்லாம எழும்பி வராதேங்கோ.

2. தொடங்கின உடன எண்டா ஒரு நாளும் பிந்தாதேங்கோ

காயம் புதுசு, ஓட்டை சின்னன் எண்டா கதீற்றர் (சலம் இறங்கிற மெல்லிய குழாய்) போட்டு சலப்பையை நாலைஞ்சு கிழமை வெறுமையா வைச்சிருந்தாலே சில பேருக்கு ஓட்டை தன்ர பாட்டில மூடிடும், ஒபரேசனே தேவைப்படாது. எல்லாருக்கும் இல்லை, ஆனா அந்த வாய்ப்பு முதல் கிழமைகளிலதான் இருக்கு. 31ம் நாள் கழியட்டும், துடக்குக் கழியட்டும், பிறகு பாப்பம் எண்டு வீட்டில பெரியாக்கள் சொல்லுவினம். அதைக் கேட்டு இருந்தா அந்த வாய்ப்புப் போயிடும். பிள்ளையோட வந்து பாக்கிற உங்கட ஏரியா மிட்வைஃபிட்ட அண்டைக்கே சொல்லுங்கோ, இல்லாட்டி நேரா பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரிக்கே போங்கோ.

காச்சல், முதுகுப் பக்கம் நோ, வாந்தி, ஒழுக்கும் இல்லாம சலமே போகாம இருக்கிறது, இதில ஒண்டு இருந்தாலும் கிளினிக் டேட் பாக்கிறேல்லை, 1990க்கு அடிச்சு அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ, அது இலவசம்.

3. கடதாசிகள்

கூட இழுபட்டது இதிலதான். ஒரு பிளாஸ்டிக் பைல் வாங்கி (மழைக்கும் பஸ்ஸுக்கும் தாங்கிறது) இதுகளை ஒண்டாப் போடுங்கோ:

அடையாள அட்டை, கர்ப்பிணியா இருக்கேக்க தந்த கிளினிக் அட்டை, பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரி தந்த டயக்னோசிஸ் காட் (வீட்டுக்கு விடேக்க தாற வருத்த விபர அட்டை), ஒபரேசன் செய்திருந்தா அதின்ர விபரம், எடுத்த ஸ்கான், ரத்த ரிப்போட் எல்லாம். அதோட நீங்கள் எழுதி வைச்ச அந்தத் தாளும்.

டயக்னோசிஸ் காட்டை வீட்டுக்கு வரேக்க கேட்டு வாங்கினதோட விடாதேங்கோ, அதில என்ன எழுதியிருக்கு எண்டு இங்கிலிஸ் தெரிஞ்ச ஒராளிட்டக் காட்டி வாசியுங்கோ. நோக்காடு எவ்வளவு நேரம் இருந்தது, ஆயுதம் போட்டு எடுத்ததா, சீசரா, சலப்பையில காயம் வந்ததா எண்ட விபரம்தான் அடுத்த டொக்டருக்குத் தேவை. காட்டில விபரம் காணாட்டி, அல்லது துலைஞ்சு போச்செண்டா, அந்த ஆஸ்பத்திரி பதிவுப் பிரிவில எழுதிக் குடுத்துக் கேக்கலாம், அதுக்கு அட்மிட் பண்ணின திகதியும் டிக்கட் நம்பரும் (வாட்டில அட்மிட் பண்ணேக்க போடுற நம்பர்) வேணும். டிக்கட் நம்பரை வாட்டில இருக்கேக்கையே போனில படம் எடுத்து வைச்சா பிறகு அலைய வேண்டி வராது.

பேர் ஒரு கடதாசியில ஒரு மாதிரி, மற்றதில வேற மாதிரி எழுதியிருந்தா முதல் நாளே திருத்துவியுங்கோ. புருசன்ர பேரில ஒரு காட், தேப்பன்ர பேரில ஒரு காட் எண்டு இருந்தா அது ரெண்டு ஆள் எண்டு நினைச்சுப் பழைய ரிப்போட் ஒண்டும் சேராது.

எல்லாத்திலயும் ரெண்டு போட்டோ கொப்பி எடுங்கோ. ஒரிஜினலை ஒருத்தரிட்டையும் விட்டிட்டு வராதேங்கோ.

4. எங்க போறது

மிட்வைஃப், பிறகு எம்ஓஎச் ஒபிஸ் (சுகாதார வைத்திய அதிகாரியின்ர அலுவலகம்), அங்க இருந்து மாவட்ட ஆஸ்பத்திரி மகப்பேற்று கிளினிக். இதுதான் நேரான வழி. கிளிநொச்சி, மாஞ்சோலையில இருக்கிற முல்லைத்தீவு ஆஸ்பத்திரி, வவுனியா, மன்னார், இதில உங்களுக்குக் கிட்ட எது எண்டு பாருங்கோ. மல்லாவி, புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கிற ஆக்கள் அங்கத்த ஆதார வைத்தியசாலையில காட்டி லெட்டர் எடுக்கலாம். அங்க மகப்பேற்று டொக்டர், வீஓஜி எண்டு சொல்லுறது, அவர் பாத்து ஓட்டைதான் எண்டு கண்டா பெரும்பாலும் சலப்பை ஒபரேசன் செய்யிற டொக்டரிட்ட அனுப்புவார். எங்கட பக்கத்தில இருந்து யாழ் போதனா வைத்தியசாலைக்குத்தான் கூட அனுப்புறது, வவுனியாவில இருந்து அநுராதபுரத்துக்கும் போறவை இருக்கினம்.

கேக்கவேண்டிய கேள்வி ஒண்டு இருக்கு, அதைக் கேக்க வெக்கப்படாதேங்கோ: "இந்த ஒபரேசன் செய்து பழக்கமான டொக்டர் எந்த ஆஸ்பத்திரியில இருக்கிறார், அவரிட்ட லெட்டர் தருவீங்களா?" முதல் தரம் செய்யிற ஒபரேசனுக்குத்தான் வெற்றி வாய்ப்புக் கூட. ஒருக்காத் தைச்சுப் பிரிஞ்ச இடத்தைத் திருப்பித் தைக்கிறது ஒவ்வொரு தரமும் கஷ்டமாகும். அதால கிட்ட இருக்குது, கெதியா டேட் தருகினம் எண்டதுக்காக மட்டும் ஒரு இடத்தைப் பிடிக்காதேங்கோ.

கிளினிக்கில சலப்பைக்குள்ள நீல மை மாதிரி ஒரு மருந்து விட்டு, முன்னால வைச்ச துணி நீலமாகுதோ எண்டு பாப்பினம். குழாய் விட்டு கமராவாலயும் பாப்பினம், சிறுநீரகம் ரெண்டையும் ஸ்கான் பண்ணுவினம். இதுகளைப் பற்றி முதலே அவவுக்குச் சொல்லி வையுங்கோ. திடீரெண்டு கட்டிலில ஏத்திக் காலை விரிக்கச் சொன்னா மனிசி பயந்து அடுத்த முறை வரமாட்டன் எண்டு நிப்பா.

சிங்களம் கதைக்கிற டொக்டர் எண்டா மிஸ்ஸிமாரில (தாதியரில) தமிழ் தெரிஞ்ச ஒராளைக் கேளுங்கோ. புருசனையோ பொடியனையோ மொழிபெயர்க்க விடாதேங்கோ, அவ உள்ளதில பாதி சொல்லமாட்டா.

5. மூண்டு மாசம் காத்திருக்கேக்க

பிள்ளைப்பேற்றில விழுந்த ஓட்டையை உடன தைக்கமாட்டினம், பெரும்பாலும் மூண்டு மாசம் போகட்டும் எண்டு சொல்லுவினம். வயலில வரம்பு உடைஞ்ச உடன அந்தச் சேத்தைப் போட்டுக் கட்டினா நிக்காது, கொஞ்சம் இறுகின பிறகுதான் கட்டலாம், அது மாதிரித்தான் இதுவும். செத்த தசை எல்லாம் கழண்டு, புண் ஆறி, நல்ல தசை வந்தாத்தான் தையல் பிடிக்கும். ஒபரேசனில வந்த காயத்துக்கு சில நேரம் முந்தியே செய்வினம், அது டொக்டர் முடிவெடுக்கிறது.

வேலைக்குப் போற பிள்ளையள் கவனிக்கவேண்டியது: பிரசவ லீவு 84 நாள். நீங்கள் ஒபரேசனுக்குத் தயாராகிற நேரம் லீவு முடிஞ்சிருக்கும். அதால ஒவ்வொரு கிளினிக்கிலயும் மெடிக்கல் சேட்டிபிக்கட் கேட்டு வாங்கி அந்த பைலுக்க போடுங்கோ, லீவு முடிய முதலே கார்மென்ட்ஸ் ஒபிஸில குடுங்கோ. வருத்தத்தின்ர பேரை சுப்பவைசர்மாருக்கு விளக்கத் தேவையில்லை, "ஒபரேசன் இருக்கு" எண்டது காணும்.

இந்த மாசங்களில எல்லாரும் விடுற பிழை, தண்ணியைக் குறைக்கிறது. குடிக்காட்டி ஒழுகாது எண்டு அவவும் நினைப்பா, பஸ்ஸில போறதெண்டா விடியத்தொட்டு ஒரு மிடறும் குடிக்காம இருப்பா. குடிக்காம விட்டாலும் ஒழுகும், ஆனா சலம் கடுமையாகி மணக்கும், தோலைச் சுட்டுப் புண்ணாக்கும். நாளுக்கு ரெண்டரை மூண்டு லீட்டர் குடிச்சா சலம் தண்ணி மாதிரிப் போகும், மணமும் எரிவும் பாதி குறையும். எங்கட மச்சாளின்ர துடையில தோல் சிவந்து வெடிச்சுக் கிடந்தது, நடக்கவே காலை அகட்டித்தான் நடந்தவ. தண்ணியைக் கூட்டி, ஒவ்வொரு தரமும் துணி மாத்தேக்க வெறும் தண்ணியில கழுவி, ஒத்தி எடுத்து, காய்ஞ்ச பிறகு வஸலீன் மெல்லிசாப் பூசிக்கொண்டு வர அது ஆறினது. டெட்டோல் விடாதேங்கோ, பவுடர் போடாதேங்கோ, வேப்பிலை மஞ்சள் அரைச்சுப் பூசச் சொல்லுவினம், அந்தப் புண்ணுக்கு அதுவும் வேண்டாம். இளஞ்சூட்டுத் தண்ணியில கொஞ்சம் உப்புப் போட்டு பேசினில பத்து நிமிசம் இருந்தா சுகமா இருக்கும்.

துணிக்கு பழைய பருத்திச் சாறம்தான் நல்லம். நாலா மடிச்சுத் தைச்சு இருபது துண்டளவில வைச்சிருங்கோ, அப்பத்தான் மழை நாளில காயாட்டியும் சமாளிக்கலாம். வெயிலில விரிச்சுக் காயவிடவேணும், கொட்டிலுக்குப் பின்னால ஒளிச்சுக் காயவிட்டா பூஞ்சணம் பிடிச்சு அதாலயே கடிக்கத் தொடங்கும். பயணத்துக்கு மட்டும் பெரியாக்களின்ர பம்பஸ் வாங்குங்கோ. பாய்க்கு மேல ரப்பர் சீற், அதுக்கு மேல பருத்தித் துணி. கோடையில கிணறு வத்திற இடங்களில கழுவுற தண்ணிக்கே ஒரு பரல் தனிய வையுங்கோ, அவ வீட்டில தண்ணிக்குக் கெஞ்சிக்கொண்டு நிக்கக்கூடாது.

சாப்பாடு: முட்டை, மீன், பருப்பு, முருங்கையிலை, கீரை. ரத்தம் குறைவா இருந்தா ஒபரேசன் டேட் பிந்தும், அதால கிளினிக்கில தந்த இரும்புக் குளிசையை விடாம எடுக்கச் சொல்லுங்கோ. பத்தியம் எண்டு சொல்லி சரக்குத் தண்ணியும் சோறுமா மட்டும் வைச்சிருக்காதேங்கோ.

கால் ஒண்டு விறைச்சு, நடக்கேக்க பாதம் தொங்கினா அதையும் சொல்லுங்கோ. கனநேரம் இழுபட்ட பிரசவத்தில நரம்பு அமத்துப்பட்டு அப்பிடி வாறது, பிஸியோவுக்கு அனுப்புவினம்.

6. காசு

அரசாங்க ஆஸ்பத்திரியில ஒபரேசன், வாட், சாப்பாடு, பெரும்பாலான மருந்து எல்லாம் இலவசம். ஆரும் இதுக்கு லட்சக்கணக்கில முடியும் எண்டு பயப்படுத்தினா நம்பாதேங்கோ. காசு போறது வேற வழியில: பயணம், கூட நிக்கிற ஆளின்ர சாப்பாடு, அந்த ஆள் விடுற கூலி, பம்பஸ் (ஒண்டே நூறு ரூபாக்கு மேல போகுது), இடைக்கிடை வெளிய வாங்கச் சொல்லி எழுதித் தாற மருந்து, டெஸ்ட். கிளிநொச்சியில இருந்து யாழ்ப்பாணம் எழுபது கிலோமீற்றர் அளவு, முல்லைத்தீவுக் கரையில இருந்து எண்டா நூறுக்கு மேல. ஒவ்வொரு முறையும் வான் பிடிச்சா தாங்காது. விடிய முதல் பஸ்ஸில ஏறி, கதவுக்குக் கிட்ட சீற் பிடிச்சு, பம்பஸ் போட்டு, மாத்துத்துணியும் கட்டிற பையும் ஒண்டு கொண்டுபோனா பஸ்ஸிலயே போகலாம்.

இதுக்காகக் கிழமைக்கடன் எடுக்காதேங்கோ. இதைக் கையெடுத்துக் கேக்கிறன். ஏற்கனவே கடன் இருந்தா ஒபரேசனுக்கு முதல் போய், இத்தினை மாசம் வேலைக்குப் போகேலாது எண்டு மெடிக்கலைக் காட்டித் தவணையைத் தள்ளக் கேளுங்கோ. கட்டிலில கிடக்கேக்க லோன்காரர் வாசலில வந்து நிண்டா மனிசி வலியோட எழும்பி வேலைக்குப் போயிடுவா, தையலும் போயிடும்.

அஸ்வெசும (அரசாங்க நலன்புரிக் காசு) கிடைக்காத குடும்பம் எண்டா ஜீஎஸ்ஸிட்டயும் (கிராம சேவகர்) டிஎஸ் ஒபிஸ் (பிரதேச செயலகம்) சமூகசேவைப் பகுதியிலயும் கேளுங்கோ. ஜனாதிபதி நிதிய மருத்துவ உதவிக்கு 2025 பெப்ரவரியில இருந்து டிஎஸ் ஒபிஸிலயே விண்ணப்பம் குடுக்கலாம், வெளிய பெரிய செலவொண்டு வரப்போகுது எண்டு டொக்டர் சொன்னா செலவழிக்க முதலே போய் விசாரியுங்கோ. டயக்னோசிஸ் காட்டை சம்பந்தப்பட்ட உத்தியோகத்தருக்கு மட்டும் காட்டுங்கோ, வரிசையில நிக்கேக்க எல்லாரும் பாக்கத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ. ஊருக்குள்ள கதை இப்பிடித்தான் பரவுறது.

7. ஒபரேசனும் கதீற்றரும்

கூட நிக்க பொம்பிளைதான் வேணும், பாஸ் எடுக்கவேணும், ரெண்டு பேர் மாறி மாறி நிக்கிற மாதிரி ஒழுங்கு பண்ணுங்கோ. பால் குடிக்கிற பிள்ளை இருந்தா பிள்ளையை ஆர் பாக்கிறது எண்டு டேட் வந்த அண்டைக்கே முடிவெடுங்கோ.

ஒபரேசன் முடிஞ்சு வந்தா கதீற்றர் இருக்கும். ஓட்டை லேசானது எண்டா 7 தொடக்கம் 10 நாள் கதீற்றர் காணும் எண்டு உலக சுகாதார நிறுவனம் 2018ல சொல்லியிருக்கு, சிக்கலானது எண்டா ரெண்டு மூண்டு கிழமையும் வைப்பினம். இந்த நாளுகளிலதான் கூட நிக்கிற ஆளின்ர வேலை முழுக்க இருக்கு. சலப்பை நிரம்பக்கூடாது, நிரம்பினா தையல் இழுபடும். அதால பைப்பால சலம் சொட்டுச் சொட்டா இறங்கிக்கொண்டே இருக்கவேணும்.

நான் மணிக்கொருக்கா செய்தது இதுதான்: போர்வையை விலத்தி, துடையில இருந்து பைக்கு வரைக்கும் விரலால பைப்பைத் தடவிப் பாக்கிறது, எங்கயாவது மடங்கியிருக்கா, அவ அதுக்கு மேல படுத்திருக்கிறாவா எண்டு. பிறகு பையில அளவு ஏறியிருக்கா எண்டு பாத்து நேரத்தோட எழுதுறது. ராவில போன் வெளிச்சத்தில பாக்கிறது. பை எப்பவும் கட்டிலுக்குக் கீழதான் தொங்கவேணும், நிலத்தில முட்டக்கூடாது, நடக்கேக்க இடுப்புக்கு மேல தூக்கக்கூடாது. பையில சலம் ஏறாம நிக்குது, துணி நனையுது, இல்லாட்டி அடிவயிறு உப்பி நோகுது எண்டா அந்த நிமிசமே மிஸ்ஸியைக் கூப்பிடுங்கோ. நடுச்சாமம் எண்டு தயங்காதேங்கோ, விடிய ரவுண்ட்ஸுக்கு டொக்டர் வருவார் எண்டு இருக்காதேங்கோ.

தண்ணி இப்ப இன்னும் கூட, சலம் வெளிறிப் போற அளவுக்கு. மலச்சிக்கல் வரவிடாதேங்கோ, முக்கினா தையலுக்குக் கூடாது. பப்பாப்பழம், கீரை குடுங்கோ, காணாட்டி மருந்து கேளுங்கோ.

கதீற்றர் எடுத்த பிறகு கனபேர் பயப்பிடுறது: மணிக்கொருக்கா சலம் வரும். சலப்பை கனநாள் வெறுமையாக் கிடந்தது, சுருங்கியிருக்கும், அதுதான். நாள் போகப்போக இடைவெளி கூடும். ஓட்டை மூடுபட்டும் இருமேக்க கொஞ்சம் ஒழுகிற ஆக்களும் இருக்கினம், ஒபரேசன் பிழைச்சுப்போச்சு எண்டு அழவேண்டாம், அதுக்குப் பயிற்சியும் வைத்தியமும் இருக்கு. ஆனா முந்தி மாதிரி ராப்பகலா ஒழுகத் தொடங்கினா கிளினிக் டேட் வரைக்கும் இருக்காம அண்டைக்கே திரும்பிப் போங்கோ.

8. வீட்டில முதல் மூண்டு மாசம்

தண்ணிக்குடம், விறகு, அரிசிமூட்டை, தோட்டத்துக்கு வாளியால தண்ணி அள்ளுறது, கச்சான் புடுங்கிறது, நாத்து நடுறது, ஒண்டும் இல்லை. சைக்கிளும் வேண்டாம். மூண்டு மாசத்துக்குப் புருசனோட சேர்றதும் இல்லை, டொக்டர் அதைவிடக் கனநாள் சொன்னா அவ்வளவு நாளும் இல்லை. இதை வீட்டில பொம்பிளையள் சொன்னா சில ஆம்பிளையள் கேக்காயினம், அதால கடைசி நாள் கிளினிக்குக்குப் புருசனையும் கூட்டிக்கொண்டு போய் டொக்டரின்ர வாயாலயே அவருக்குச் சொல்லுவியுங்கோ. கேக்காட்டி மிட்வைஃபிட்ட சொல்லுங்கோ, வீட்டுக்கு வந்து கதைப்பினம். கட்டாயப்படுத்துறார், அடிக்கிறார் எண்டா 1938, அது பெண்களுக்கான அரசாங்க இலக்கம். விட்டிட்டுப் போன புருசனிட்ட தாபரிப்புக் கேக்கிறதுக்கு சட்ட உதவி ஆணைக்குழுவில காசில்லாத ஆக்களுக்கு இலவசமா வழக்குப் பாப்பினம், டிஎஸ் ஒபிஸ் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேட்டா வழி சொல்லுவா.

9. ஊருக்குள்ள திரும்பிப் போறது

சலம் நிண்டவுடன மனிசி பழையபடி எழும்பி நடமாடுவா எண்டு நாங்கள் நினைக்கிறம். அப்பிடி இல்லை. மாசக்கணக்கா கலியாணவீட்டுக்குப் போகாம, கதிரையில இருக்கப் பயந்து, ஒராள் கிட்ட வந்தா ஒதுங்கிப் பழகினவ, ஒழுக்கு நிண்ட பிறகும் எழும்பேக்க திரும்பிக் கதிரையைத் தடவிப் பாப்பா. அது தன்ர பாட்டில போகாது. ஒபரேசனுக்கு எப்பிடி ஒழுங்குபண்ணினீங்களோ, அதே மாதிரி இதையும் ஒழுங்குபண்ணவேணும்.

வீட்டில இருந்து தொடங்குங்கோ. தனிப் பாய், தனிக் கோப்பை, குசினிக்கு வராதை எண்டு வைச்சிருந்தா அதை இண்டைக்கே எடுங்கோ. இது தொத்திற வருத்தம் இல்லை, சாமிப் படத்துக்குக் கிட்டப் போறதையும் ஒரு டொக்டரும் மறிக்கேல்லை. வீட்டில பெரிய மனிசி ஒராள், மாமியோ அம்மம்மாவோ, அவவின்ர கையால போட்ட தேத்தண்ணியை எல்லாருக்கும் முன்னால வாங்கிக் குடிச்சா மற்றச் சனத்தின்ர வாய் பாதி அடங்கும். எங்கட வீட்டில அது நடந்தது, அதைவிட நல்ல மருந்து நான் காணேல்லை.

வெளிய போறதைச் சின்னச் சின்னதாச் செய்யுங்கோ. முதல்ல கிட்டக் கடை, பிறகு ஒரு நம்பிக்கையான வீடு, பிறகு மாதர் சங்கக் கூட்டம், அங்க பின்வரிசையில, வாசலுக்குக் கிட்ட. பாத்ரூம் எங்க இருக்கு எண்டு நீங்கள் முதலே பாத்து அவவுக்குச் சொல்லுங்கோ. வற்றாப்பளைப் பொங்கல், மடுத் திருவிழா மாதிரிச் சனம் கூடுற இடத்துக்கு முதல் தரம் போகேக்க ஒராள் பக்கத்தில நிண்டா காணும், மாத்துத்துணிப் பை உங்கட கையில இருக்கட்டும், அவவின்ர கையில வேண்டாம்.

ஆருக்கு என்ன சொல்லுறது எண்டதை அவதான் முடிவெடுக்கவேணும். "ஒபரேசன் செய்தது, இப்ப சுகம்" எண்ட ஒரு வசனத்தை வீட்டில எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லப் பழகுங்கோ. உதவி செய்யவாற ஆக்கள் படம் எடுக்கக் கேட்டா, வீடியோ போடக் கேட்டா, மாட்டம் எண்டு சொல்லுங்கோ. உதவி கிடைக்காட்டியும் பரவாயில்லை.

வேலையும் அப்பிடித்தான். இருந்து செய்யிற வேலை, தையல், இடியப்பம் அவிச்சுக் குடுக்கிறது, கோழி, சின்னக் கடை. கார்மென்ட்ஸுக்குத் திரும்பிப் போறதெண்டா தேவையான நேரம் பாத்ரூமுக்குப் போக விடவேணும் எண்டு டொக்டரிட்ட எழுதி வாங்கிக்கொண்டு போங்கோ. சீட்டுக்காசை இவ்வளவு நாளும் நீங்கள் கட்டியிருந்தா இனி அவவே கொண்டுபோய்க் கட்டட்டும்.

பிள்ளை தப்பாமப் போன தாய்மார் இருக்கினம். இழுபட்ட பிரசவத்தில அது கனக்க நடக்கிறது. ஒழுக்கு இருக்கிற வரைக்கும் அந்தத் துக்கத்துக்கு நேரமே கிடைச்சிருக்காது, சுகமான பிறகுதான் வெளிய வரும். நித்திரை இல்லை, சாப்பிடுறா இல்லை, சாகிறது பற்றிக் கதைக்கிறா எண்டா தனிய விடாம மாவட்ட ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. 1926க்கு எந்த நேரமும் எடுக்கலாம், அது அரசாங்க உளநல உதவி இலக்கம், தமிழிலயும் கதைக்கலாம்.

10. கனகாலமா ஒழுகுற ஆக்களுக்கு

2008, 2009ல இடம்பெயர்ந்து, பங்கருக்குள்ளயும் தறப்பாள் கொட்டிலுக்குள்ளயும், பிறகு மெனிக் பாம் முகாமிலயும் பிள்ளை பெத்த அம்மாமார் எங்கட ஊருகளில இருக்கினம். அதில ஆருக்கும் அண்டையில இருந்து ஒழுகிக்கொண்டிருந்தா, காலம் போச்சு, இனி ஏலாது எண்டு நினைக்கவேண்டாம். வருசக்கணக்காப் போன ஓட்டையையும் தைக்கலாம். கடதாசி ஒண்டும் இல்லையே எண்டும் யோசிக்கவேண்டாம். அண்டைக்குக் கிளினிக் அட்டையும் காட்டும் ஆரும் காப்பாத்தேல்லை எண்டது எல்லாருக்கும் தெரியும். அடையாள அட்டையோட போய், எப்ப, எங்க, எத்தினை நாள் நோக்காடு எண்டதை வாயால சொன்னாப் போதும், புதுசா எல்லாம் பாப்பினம். கூட்டிக்கொண்டு போக ஒராள்தான் இல்லாம இருக்கும், அந்த ஆளா நீங்கள் இருங்கோ.

11. அடுத்த பிள்ளை

உடன வேண்டாம். குறைஞ்சது ஒரு வருசமாவது போகட்டும், எவ்வளவு எண்டு ஒபரேசன் செய்த டொக்டரிட்டக் கேளுங்கோ, அதுவரைக்கும் என்ன குடும்பக்கட்டுப்பாடு பாவிக்கிறது எண்டு மிட்வைஃபிட்ட கேளுங்கோ, அது இலவசம். பிள்ளை தங்கினா முதல் கிளினிக்கிலயே "எனக்கு ஃபிஸ்டியூலா ஒபரேசன் செய்தது" எண்டு சொல்லி, அந்தக் காட்டின்ர கொப்பி ஒண்டை கிளினிக் அட்டையோட பின் அடிச்சு வையுங்கோ. அடுத்தது சீசர்தான், அதுவும் நோக்காடு தொடங்க முதல், டேட் குடுத்துச் செய்யிறது. கடைசி மாசத்தில தூர ஊரில இருந்தா ஆஸ்பத்திரிக்குக் கிட்ட சொந்தக்காரர் வீட்டில வந்து நில்லுங்கோ, அந்த பைலையும் கையோட கொண்டு வாங்கோ.